துடியனின் மீன் வேலி

கடலும் காயலும் சேரும் முகத்துவாரத்தில் துடியன் என்ற நீர்நாய் மனைவி மக்களோடு வாழ்ந்தது. அந்த ஆண்டு மீன் வரத்து அடியோடு குறைந்துவிட்டது. குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் இடத்தைவிட்டே கிளம்ப வேண்டியதுதான்.

திடீரென்று துடியனுக்கு ஒரு யோசனை! தாழை வேர்களைப் பின்னி வேலி கட்டியது. காயலில் அலையே அடிக்காத ஒரு வளைவில் அதை நிறுத்தி, மடவை மீன் குஞ்சுகளைப் பிடித்து உள்ளே விட்டது. பாசியும் நத்தைச் சதையும் கொண்டுவந்து தீனி போட்டது.

"வளர்கிறது! குஞ்சு வளர்கிறது!" என்று கரையெல்லாம் ஓடிக் குதித்தது.

பெருவாயன் என்ற கூழைக்கடா பறந்து வந்து இறங்கியது. "அடேயப்பா! இத்தனை பெரிய வேலிக்கு இவ்வளவு மீன்தானா? இன்னும் விடு தம்பி! வேலி பிதுங்கட்டும்! எனக்கும் ஒரு வாய் கொடு!"

"இதோ அண்ணே!" துடியன் இன்னும் மீன் விட்டது. இன்னும் தீனி கொட்டியது.

வேலிக்கு நேர் அடியில் கொடுக்காயி என்ற நண்டின் வளை இருந்தது. ஒருநாள் அது மேலே ஏறி வந்து கத்தியது.

"ஏய் துடியா! உன் மீன் கழிப்பதும், தின்னாமல் விடுவதும் என் வாசலில்தான் விழுகிறது! அடிமண் கறுத்து நாறுகிறது. தண்ணீரும் கெட்டுவிடும்!"

"பக்கவாட்டில் நடக்கிற உனக்கு எல்லாமே கோணலாகத்தான் தெரியும், அக்கா!" என்று துடியன் சிரித்தது. பெருவாயன் அதைவிடப் பலமாகச் சிரித்தது.

பிறகு, காற்றே வீசாத ஒரு காலையில் துடியன் வந்து பார்த்தால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து திணறுகின்றன! சில மல்லாந்து மிதந்தன.

"ஐயோ! என் குட்டிகளின் சாப்பாடு!"

சத்தம் கேட்டுக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடிவிட்டன. பெருவாயன் நடுவில் நின்று இறக்கையை விரித்தது.

"மீன் வளர்ப்பே ஆகாது! வேலியைப் பிய்த்து எறியுங்கள்! இனி யாரும் எங்கேயும் வேலி கட்டக் கூடாது!"

"அன்றைக்கு இன்னும் விடு என்றது யார் அண்ணே?"

"அது அன்றைக்கு!"

கொடுக்காயி குறுக்கே புகுந்தது. "சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்! துடியா, பாதி மீனை இப்போதே திறந்துவிடு. மிச்சத்துக்காவது மூச்சுக் கிடைக்கும்!"

"பாடுபட்டு வளர்த்தேனே அக்கா!"

"பாதி போகட்டுமா, முழுவதும் சாகட்டுமா? சீக்கிரம் சொல்!"

துடியன் கண்ணை மூடிக்கொண்டு வேலியின் முடிச்சைக் கடித்து அவிழ்த்தது. பளபளவென்று பாதி மீன் கடலை நோக்கி ஓடியது. மிச்சம் இருந்தவை மெல்லத் தேறின.

"வேலியே தப்பா அக்கா, வேலி கட்டிய இடம் தப்பா?"

"எனக்கும் தெரியாது. சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்!"

கொக்கு ஒரு காய்ந்த இலையை வளைவில் போட்டது. இலை போட்ட இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றது. அடுத்த இலையை மணல்திட்டுக்கு அப்பால், திறந்த கடலில் போட்டது.

"போகிறது! அதோ போகிறது!" பறவைகள் கூவிக்கொண்டே துரத்தின. நீரோட்டம் இலையை அடித்துக்கொண்டு போனது; மீன் கழிவையும் அப்படியே கொண்டுபோய்விடும். கொடுக்காயி அங்கே மூழ்கி அடியைத் தடவிப் பார்த்தது. கழிவு விழுந்து கெட்டுப்போக அங்கே பவளப்பாறை இல்லை, கடற்புல் இல்லை. வெறும் வெள்ளை மணல்!

எல்லாம் கூடி விதி வகுத்தன. வேலி இனி அங்கேதான். மீனை அளவாக விடவேண்டும். பௌர்ணமிதோறும் கொடுக்காயி அடிமண்ணை எடுத்து எல்லார் முன்னும் காட்டவேண்டும். மண் கறுத்தால் மீனைக் குறைக்கவேண்டும்.

"மாதாமாதம் அவ்வளவு தூரம் கொடுக்காயியை யார் தூக்கிப்போவது?" என்றது நாரை. எல்லாரும் பெருவாயனின் தொண்டைப் பையைப் பார்த்தார்கள்.

"வழியில் விழுங்கப் பார்த்தாயோ, நாக்கைக் கிள்ளிவிடுவேன்!" என்றது கொடுக்காயி.

திறந்த கடலில் மீன்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஒரு பௌர்ணமியன்று விருந்துக்கு எல்லாரும் வந்தார்கள். கொடுக்காயி மண்ணை எடுத்துக் காட்டியது. மண் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது!

"இதெல்லாம் ஒரு கறுப்பா? கண்டுகொள்ளாதே தம்பி!" பெருவாயன் துடியனின் காதருகே கிசுகிசுத்தது.

துடியன் மண்ணைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. விருந்துக்கும் வீட்டுக்கும் வேண்டியதைப் பிடித்து வைத்தது. பிறகு, யாரும் சொல்லாமலே முடிச்சை அவிழ்த்து, அளவுக்கு மிஞ்சிய மீன்களைக் கடலுக்குள் விட்டது. பறவைகள் ஆரவாரம் செய்தன! அடுத்த பௌர்ணமிக்கு மண் வெளுத்துவிட்டது. துடியனின் குடும்பம் எங்கேயும் போகவில்லை.

கடலில் மீன் வளர்க்கும்போது பேராசையால் நிறைப்பதும் பயத்தால் தடுப்பதும் தவறு. ஆராய்ந்து விதி வகுத்து, லாபம் கண்ணெதிரே துள்ளும்போதும் அந்த விதிக்கு அடங்கி நடப்பதே அறிவு.