ஆட்காட்டி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில் மனிதருக்கும் மிருகத்துக்கும் பறவைக்கும் ஒரே பேச்சு. அதனால் சண்டையும் ஒரே பேச்சில்தான் நடக்கும். அப்போது கல்லாற்று நாடு என்று ஒன்று இருந்தது. மேற்கே மலை, தெற்கே ஆறு, கிழக்கே கரிசல், வடக்கே செம்மணல் தேரி. திசைக்கு ஒன்றாக நான்கு ஊர். நடுவில் யாரும் உழாத சரளைமேடு. அதன் அடிவாரத்தில், நான்கு ஊரும் தண்ணீர் எடுக்கும் ஏரி.

அந்த நாட்டுக்கு ராஜா கிடையாது, மன்றம்தான். ஊருக்கு ஒரு மனிதர், ஒரு விலங்கோ பறவையோ என்று எட்டுப் பேர். ஓலை நறுக்குகளில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யாருடைய ஓலை வருகிறதோ அவர் ஒரு வருடம் மன்றத்தில் உட்காரலாம். எட்டுப் பேரில் ஒருவர் மறுத்தாலும் வழக்கு அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போகும். சட்டங்கள் அதிகம் இல்லை. யாராவது குடியிருக்கும் இடத்தில் ஏர் இறங்கக் கூடாது. கேட்ட கேள்விக்கு வாய் திறக்காதவர் சம்மதித்தவர்.

அந்த வருடம் வடக்கூரான தேரிவிளையில், குடத்துக்குள் தலையை விட்ட ஆட்டுக்குட்டி ஓர் ஓலையைக் கவ்வி எடுத்தது. அதில் இருந்த பெயர் ஊமைக்குருவி.

நீண்ட மஞ்சள் கால், கறுத்த மார்பு, கண்ணோரத்தில் சிவப்புச் சதை. எடுப்பான பறவைதான். ஆனால் பேச்சு வராது. உடைமரத்தில் அடுத்த கூட்டு மைனா பத்து வார்த்தை பேசினால் இவள் ஒரு முறை தலையாட்டுவாள். பேசாத நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். மழை கொட்டும்போது மற்றவர்கள் கூட்டுக்குள் ஒடுங்க, இவள் மட்டும் சரளைமேட்டில் நடந்து, தண்ணீர் எந்தக் கல்லைச் சுற்றி எங்கே இறங்குகிறது என்று பார்ப்பாள்.

“மதினி, மன்றத்துல போயி என்னத்தப் பேசப் போறிய?” என்று மைனா சிரித்தது. “எட்டுப் பேருக்கு ஏழு வாய்தான்னு சொல்லிருவாவ.”

முதல் கூட்டத்திலேயே பெரிய வழக்கு வந்தது. மன்றத் தலைவர் கரிசலூர் மாசாணம் கையிலிருந்த கோலால் மேட்டைக் காட்டினார்.

“இம்புட்டு நிலம் சும்மா கிடக்கு. நாலா வகுந்து, ஊருக்கு ஒரு பங்குன்னு உழுதா என்ன?”

“துவரை போடுங்க, நல்லா வரும்” என்றது மலையடியூர் மந்தி. துவரை அதன் வாயில் அப்போதே விளைந்துவிட்டது போல மென்றது.

ஆற்றூர் ஆவுடையாள் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். “ஏரிக்கு ஒண்ணும் ஆகாதுல்லா, அண்ணாச்சி?”

“ஏரிக்கு என்னம்மா ஆகும்? அது பாட்டுக்கு இருக்கும்.”

“அப்பம் சரி.”

ஒவ்வொருவராகச் சரி சொல்லி, கடைசியில் ஊமைக்குருவியின் முறை வந்தது. ஏரிக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேட்டில் விழும் ஒவ்வொரு சொட்டும் சரளையில் வடிந்துதான் ஏரிக்கு வருகிறது. அதைக் கிளறி உழுதால் மண் கரைந்து ஏரிக்குள் போகும். மூன்று மழையில் ஏரி தூர்ந்துவிடும். இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் வார்த்தை தொண்டைக்கு வருவதற்குள் மாசாணம் கோலைத் தரையில் தட்டிவிட்டார்.

“மௌனம் சம்மதம். எட்டுக்கு எட்டு. நாளைக்கு விடிஞ்சதும் ஏரைப் பூட்டுங்கடே!”

‘வேண்டாம்.’ நாலே எழுத்து. அதைச் சொல்ல முடியவில்லையே என்று வழியெல்லாம் தன் மீதே அவளுக்குக் கோபம். ஏரி தூர்ந்தால் நாளை நான்கு ஊரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? எட்டாவது சம்மதம் அவளுடையது.

வயிறு கனத்தது. முட்டையிடும் பொழுது வந்துவிட்டது. அப்போதுதான் மன்றத்தின் இன்னொரு சட்டம் நினைவுக்கு வந்தது. உடைமரத்தைத் தாண்டி நேரே பறந்தாள்.

“மதினி! கூடு இங்கல்லா இருக்கு!” என்று கத்திக்கொண்டே மைனா பின்னால் வந்தது.

ஊமைக்குருவி மேட்டின் நடுவில் இறங்கினாள். மார்பால் கற்களைத் தள்ளி உள்ளங்கை அளவு பள்ளம் செய்தாள். பொழுது அடைவதற்குள் அதில் நாலு முட்டை. சரளையோடு சரளையாகப் புள்ளி விழுந்த முட்டைகள்.

“தரையில யாராவது முட்டை போடுவாவளா? கூரை இல்ல, ஒரு மறைப்பு இல்ல. கீரி வரும், நரி வரும்.”

அவள் தலையாட்டினாள். வரும்தான்.

விடிந்தது. எட்டு ஏர், பதினாறு மாடு, பின்னால் நான்கு ஊர்ச் சனம். முன்னால் மாசாணம் கோலை வீசி நடந்து வந்தார். பக்கத்தில் வந்த ஆவுடையாளின் கால் முட்டைகளின் மேல் இறங்கப் போனது.

“எட்டி நில்லு!”

மாடுகள் மிரண்டன. குரல் யாருடையது என்று எல்லோரும் மேலும் கீழும் பார்த்தார்கள். அவளுக்கே அது தன் குரல் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“எட்டி நில்லு! இங்க நான் குடியிருக்கேன். குடியிருக்கிற இடத்துல ஏர் இறங்கக் கூடாது.”

“வீடு எங்கட்டி இருக்கு?” என்றார் மாசாணம்.

ஆவுடையாள் குனிந்து பார்த்தாள். “யாத்தாடி! அண்ணாச்சி, கல்லுன்னு நினைச்சேன். நாலு முட்டை!”

“நேத்து மன்றத்துல வாயே திறக்கலியே நீ?” என்று மாசாணம் பறவையைப் பார்த்துக் கேட்டார்.

“அதனாலதான் இன்னைக்குத் திறக்கேன். இந்த மேட்டை உழுதா ஏரி தூந்துரும். மழை பெய்யும்போது வந்து பாரும், நான் காட்டுதேன்.”

கூட்டம் முணுமுணுத்தது. மாசாணத்துக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கெட்டிக்காரர்.

“சரி. நீ குடியிருக்கிற வரைக்கும் ஏர் இறங்காது. ஆனா மத்தச் சட்டமும் சட்டந்தான். இந்த மேட்டுல எவன் காலு வச்சாலும் நீ மறுக்கணும். ஒருத்தன் வந்து நீ பேசாம இருந்தா, அது சம்மதம். அன்னைக்கே உழுதுருவோம். என்ன சொல்லுத?”

ரெண்டு நாளில் பழைய ஊமை ஆகிவிடுவாள் என்று அவர் கணக்குப் போட்டார்.

“சரி” என்றாள் அவள். சட்டென்று, எந்த வார்த்தையையும் அடுக்கிப் பார்க்காமல்.

மாசாணம் உச்சி வெயிலில் ஒரு காளையை அவிழ்த்துவிட்டார். எட்டி நில்லு! மறுநாள் நரியைத் தூண்டிவிட்டார். எட்டி நில்லு! மூன்றாம் நாள் அவரே பனங்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல அடியெடுத்து வைத்தார். தலைக்கு மேலே வந்து வட்டமடித்து அவள் போட்ட கூச்சலில் ஏரிக்கரைப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, செருப்பைக் கையில வச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டிய?” என்று ஆவுடையாள் குரல் கொடுத்தாள். “நல்லா ஆளைக் காட்டிக் குடுத்துட்டாளே, இந்த ஆட்காட்டி!”

அந்தப் பெயர் அங்கேயே நிலைத்தது. ஐப்பசியில் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தது.

அன்று முதல்தான் ஆட்காட்டி மரத்தை விட்டு வெறுந்தரையில் முட்டையிடுகிறது; மனிதரோ மாடோ நரியோ, யார் வந்தாலும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. ஒரே ஒரு முறை பேசாமல் இருந்துவிட்டாலும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள் என்பது அதற்குத் தெரியும்.