அசையாமல் உட்காருங்கள்

தோணி பாறையில் மோதி உடைந்து மூன்று நாளாயிற்று. முன்பின் தெரியாத ஏழு பேர் ஒரு மணல் திட்டில் கரையேறியிருந்தார்கள். மிஞ்சியது ஒரு குடம் தண்ணீரும் நாலு வட்டுக் கருப்பட்டியும்தான். நாலாம் நாள் விடிந்தபோது கருப்பட்டியைக் காணோம்.

"அடுப்படிக்காரன் கைதான் நீளும்," என்றார் பெரிய நிலக்காரரான மிட்டாதார் அனந்தப்பர், திட்டிலிருந்த ஒரே நிழலான பாய்த்துணிக்கு அடியில் சாய்ந்தபடி. "ஏலே இஞ்ஞாசி, பொழுது சாயுறதுக்குள்ள கள்ளனைக் காட்டு. இல்லேன்னா உனக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது."

தோணியின் சமையல்காரன் இஞ்ஞாசி தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்கள். தினமும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு முகம் கழுவும் மிட்டாதார் அன்று மட்டும் அவிழ்க்காததை இஞ்ஞாசி கவனித்திருந்தான்.

"காட்டுறேன் சாமி. எல்லாரும் வெயில்ல வந்து அசையாம உட்காரணும். கள்ளனால மட்டும் அது முடியாது."

"நானுமா?"

"பெரியவங்க உட்கார்ந்தாத்தானே மத்தவங்க உட்காருவாங்க?"

மிட்டாதார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. முதலில் காதைத் தேய்த்தார். அப்புறம் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் நெளிந்தார். தலைப்பாகைக்குள்ளிருந்து கரிய பாகு நெற்றியில் இறங்கியது. மணலிலிருந்து எறும்புகள் அவர் முதுகில் வரிசையாக ஏறின. "ஐயோ!" என்று துள்ளி எழுந்தார்.

இஞ்ஞாசி ஒரு தேங்காய்ச் சிரட்டையை அவர் தாடைக்குக் கீழே பிடித்தான்.

"தலையை ஆட்டாதீங்க சாமி. வழியறது எங்க பங்கு."