ஒற்றைக்கண் பெட்டியும் செத்துப்போன நரியும்

அந்தக் காட்டுக் குளம் பங்குனி மாதத்திலேயே பாதி வற்றிவிட்டது. "இதென்ன அநியாயம்! வைகாசியில்தானே இப்படி ஆகும்!" என்று விலங்குகள் பதறின.

ஒரு நாள் காலையில் கரையோர மருதமரத்தில் ஒரு பெட்டி கட்டியிருந்தது. அதற்கு ஒரே ஒரு கண். தண்ணீர் குடிக்கப் போன நரியைப் பார்த்து அது "க்ளிக்" என்றது. நரிக்கு உயிர் போய் வந்தது! பிறகு வாலை ஆட்டிப் பார்த்தது. பல்லைக் காட்டிப் பார்த்தது. ஒன்றுமே ஆகவில்லை.

நரியின் புத்தி சும்மா இருக்குமா? இருக்கிற தண்ணீரைத் தானே வைத்துக்கொள்ள நினைத்தது. நேரே புள்ளிமானிடம் ஓடியது.

"கரைப்பக்கம் போகாதே! மருதமரத்துப் பெட்டியின் கண் சிமிட்டினால் உயிர் போய்விடும்!"

"நீ மட்டும் போனாயே?"

"போனேன். செத்துவிட்டேன். செத்தவனுக்கு இனி என்ன பயம்?"

"ஐயையோ! செத்த நரி பேசுகிறதே!" மான் தன் குட்டியோடு பாய்ந்து ஓடியது. காட்டுப்பன்றிகளும் மயில்களும் அலறியடித்து ஓடின. அன்று முதல் எல்லாம் பாறைக்குப் பின்னாலிருந்த சேற்றுக் குழியில் ஒளிந்து ஒளிந்து குடித்தன. நல்ல தண்ணீரில் நரி மட்டும் குளித்துக் கும்மாளமிட்டது.

சித்திரை வந்தது. குழியும் காய்ந்தது, குளமும் காய்ந்தது. அப்போது தேன்மொழி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் வனக்காவலர் சடையனும் வந்து பெட்டியைத் திறந்தார்கள். புதருக்குள் விலங்குகள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டன.

"அண்ணே, இத்தனை நாள்ல ஒரே ஒரு நரிதான் படத்துல இருக்கு! மானு, பன்னி ஒண்ணுகூட இல்ல."

"மழை பொய்ச்சதுல எல்லாம் மேல்மலைக்கு ஏறிப் போயிருக்கும்மா. மிருகங்களுக்கு நம்ம வைக்கப்போற தண்ணித் தொட்டிய அங்கயே வச்சிரலாம். இங்க யாருக்கு?"

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருக்கிறார்கள்! எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தது. மனிதர்களுக்குக் கேட்டது வெறும் ஊளைதான்.

"அந்த நரிதான் போல" என்று சிரித்தாள் தேன்மொழி. பெட்டியை அவிழ்த்துக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க மானுக்குக் கால் எழவில்லை. மனிதரைக் கண்டால் ஒளிந்தே பழகிய கால்கள் அவை.

"நீ செத்ததாகச் சொன்னது பொய்" என்றது மான். "உன் பொய்யால் நாங்கள்தான் உயிரோடு இருந்தும் இல்லாமல் போனோம்!"

குட்டிமான் காய்ந்த சேற்றை நக்கிக்கொண்டிருந்தது.

இருப்பதைத் தனக்கே வைத்துக்கொள்ள மற்றவர்களை மறைப்பவன், எல்லாருக்கும் வரவிருந்த உதவியோடு தனக்கு வரவிருந்ததையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறான்.