பெலவேந்திரம் வீட்டுப் படி

"நான் சொல்றதை ஏன் சாமி இந்த ஊர்ல யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க?" என்றார் சந்தியாகு உபதேசியார்.

தவக்காலம். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் மன்னிப்பைப் பற்றி அவர்தான் பேசுவார். அந்தக் கடற்கரை ஊரே உட்கார்ந்து கேட்கும். பிறகு எழுந்துபோய்ப் பழையபடி இருக்கும்.

பங்குச் சாமியார் ஆஞ்சலுஸ் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனம் குழம்பினால் உபதேசியார் அவரிடம்தான் வருவார்.

"உங்களைக் கேட்கிற மாதிரி இந்த ஊர் யாரையுமே கேட்டதில்லை" என்றார் சாமியார்.

உபதேசியாருக்கு விளங்கவில்லை.

"பெலவேந்திரம் சாகக் கிடக்கிறார். அவஸ்தை எண்ணெய் பூசப் போறேன். கூட வாங்க."

உபதேசியார் நகரவில்லை.

பெலவேந்திரத்தின் விசைப்படகு இடித்துத்தான் உபதேசியாரின் மகன் இன்னாசியின் வள்ளம் கவிழ்ந்தது. படகு நிற்காமல் போய்விட்டது. மழையில் தெரியவில்லை என்றார் பெலவேந்திரம். இன்னாசியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

உபதேசியார் வழக்குப் போடவில்லை. சாபமிடவில்லை. பெலவேந்திரம் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அவ்வளவுதான்.

"கோயில்பிள்ளையை உதவிக்கு அனுப்புறேன் சாமி."

"அவர் ஊருக்குப் போயிருக்கார். ஆளைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேணும்."

"பக்கத்து வீட்டுல யாராவது வருவாங்க."

"கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாமியார் முன்னால் நடந்தார்.

பெலவேந்திரம் வீட்டுக்கு அடுத்த வீடு ரொசாரியோவினுடையது. வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பெலவேந்திரத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கணும். வர்றியாப்பா?"

ரொசாரியோ நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த வீட்டுப் படியை நாங்க மிதிக்கிறதில்ல, உபதேசியாரே. அவர் சம்சாரம் தண்ணி கேட்டாக்கூட இங்க யாரும் குடுக்கிறதில்ல."

"ஏன்?"

அவர் சோதித்துப் பார்க்கிறாரோ என்று ரொசாரியோ தயங்கினான்.

"உங்களைப் பார்த்துத்தான்."

"அப்படிச் செய்யணும்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்க போகல. நாங்களும் போகல."

அவன் மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

உபதேசியார் தெருவில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை பேசியிருக்கிறோம் என்று நினைத்தார். பேசிய ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

சாமியார் பெலவேந்திரத்தின் வீட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் அங்கியின் தோளில் எண்ணெய்க் கறை.

"முடிஞ்சுட்டு" என்றார்.

"பூசியாச்சா சாமி?"

"பூசினேன். என் தோள்ல சாஞ்சபடியே போயிட்டார்."

"ஏதாவது சொன்னாரா?"

"வாசல்ல யாரு நிக்கிறதுன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள கண் மூடிட்டுது."

 

பெலவேந்திரத்தின் மனைவி திரேசம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

"தூக்குறதுக்கு ஆள் வருமா, அண்ணே?"

அவர் திரும்பிப் பார்த்தார். தெரு நெடுக, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் பெலவேந்திரத்தின் வீட்டைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உபதேசியார் அந்தப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார்.