படகுக்கு நடந்து வருகிறவன்

செண்பகவல்லியிடம் வேலை பழக வந்தபோது ராயப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். அதுவரை கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவர். கோயம்புத்தூரில் வல்லி வேலை பார்த்த ஸ்டுடியோ வீடியோ கேம் தயாரித்தது. கேமில் வரும் மனிதர்களுக்கு உடம்பும் முகமும் நடையும் கொடுப்பது வல்லியின் பொறுப்பு.

"உங்ககிட்ட கத்துக்கணும்னுதான் வந்தேன் மேடம்" என்றார் ராயப்பன்.

"உக்காருங்க சார்" என்றார் வல்லி. அவ்வளவுதான் நேர்காணல்.

ராயப்பனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் இடது கையால் தொடையை அழுத்திக்கொள்வார்.

அந்த வருஷம் ஸ்டுடியோ ஒரு கடல் கேம் செய்துகொண்டிருந்தது. முதல் கட்டத்தில் நாயகன் கரையில் ஓடி, கிளம்புகிற படகில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆட்டம் முடிந்தது.

கதை எழுதுகிற ஷிஃபானா ஒரு மீட்டிங்கில் ஆரம்பித்தார். "எத்தனை கேம்லதான் அதே உடம்பை வைப்போம்? அகலத் தோள், நீளக் கால், செவத்த தோல். விளையாடுறவங்க எல்லாம் அப்படியா இருக்காங்க? இந்த நாயகன் ஒரு மாற்றுத்திறனாளியா இருக்கட்டும்."

"படகைப் பிடிக்க முடியாதேம்மா" என்றார் தயாரிப்பைக் கவனித்த நல்லசிவம். "முதல் கட்டத்துலயே தோக்குற கேமை யார் வாங்குவா? வேணும்னா கரையில கடை போட்டு உக்காந்திருக்கட்டும். நாயகனுக்கு வழி சொல்லட்டும்."

"எப்பவும் அவங்க உக்காந்து வழிதான் சொல்லணுமா?"

"அப்ப இரும்புக் கால் ஒண்ணு மாட்டிவிடு. பறந்து போகட்டும். பசங்களுக்குப் பிடிக்கும்."

பேச்சு தடித்தது. ஒரு கட்டத்தில் எல்லோரும் ராயப்பன் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்கதான் சார் சொல்லணும்" என்றார் ஷிஃபானா.

"எதுன்னாலும் சரிதாம்மா" என்று ராயப்பன் சிரித்தார்.

நடையை ராயப்பனே செய்யட்டும், வெள்ளிக்கிழமை பார்த்து முடிவெடுக்கலாம் என்று நல்லசிவம் கூட்டத்தை முடித்தார். படகைப் பிடித்தால் அவன் நாயகன். இல்லாவிட்டால் பழைய உடம்பு.

ராயப்பன் வராந்தாவில் நாற்காலி மேல் போனை நிறுத்தி வைத்து, தான் நடப்பதையே படம் பிடித்தார். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். திரையில் அவன் தொடையை அழுத்தியபடி மணலில் வந்தான். அச்சு அசல் நடை. ஆனால் அவன் தண்ணீரைத் தொடும்போது படகு தூரத்தில் இருந்தது; கம்பு ஊன்றிக்கொண்டு போகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது.

வேகத்தைக் கூட்டினார். கால்கள் மணலில் பாவாமல் வழுக்கின. கை தொடையைத் தேடிக்கொண்டு காற்றில் ஆடியது. இரும்புக் காலும் மாட்டிப் பார்த்தார். ஒரே தாவல், படகில் நின்றான். ராயப்பன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் வல்லியின் மேசைக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இவன் உண்மையா நடக்கணுமா, இல்ல படகைப் பிடிக்கணுமா?"

வல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க ஊர் கடற்கரைதானே சார்?"

"ஆமா. மண்டபத்துக்குப் பக்கம்."

"நீங்க படகுக்குப் போயிருக்கீங்களா?"

ராயப்பன் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன் மிக்கேலும் அவன் கூட்டாளிகளும் லீவு நாள்ல வள்ளம் எடுத்துக்கிட்டு எதிர்த் தீவுக்குப் போவாங்க. நானும் கெளம்புவேன். மணல்ல கால் பொதையும்ல மேடம். நான் போறதுக்குள்ள தள்ளிருவாங்க."

"கூப்பிட மாட்டீங்களா?"

"கூப்பிடுவேன். காத்து எதுக்க அடிக்கும். அவங்களுக்குக் கேக்காது."

"அப்புறம்?"

"முழங்கால் தண்ணி வரைக்கும் போவேன். வள்ளம் கண்ணுக்கு மறையுற வரைக்கும் நிப்பேன். அடுத்த லீவுக்கும் போவேன்."

"கெடைக்காதுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"தீவுல அப்படி என்ன இருந்துச்சு?"

"தெரியாது மேடம். நான் போனதே இல்ல. ராத்திரி சாப்பிடும்போது பேசிக்குவாங்க. சிப்பி பொறுக்குனது, நண்டு சுட்டுத் தின்னது. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"அண்ணன் மேல கோவமா?"

"சேச்சே. பாசமான ஆளு. எனக்குன்னு சங்கு எடுத்துட்டு வருவான். வள்ளம் தள்ளுறவன் கடலைத்தானே பாப்பான்? நான் கண்டதெல்லாம் அவங்க முதுகுதான்."

"கனவுலயாவது ஓடுவீங்களா?"

"இல்ல மேடம். கனவுலயும் நடந்துதான் போறேன்."

"படகு கெடைக்குதா?"

ராயப்பன் எழுந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த முதல் நடையை அழிச்சிட்டீங்களா?"

"இருக்கு."

"அது போதும். நீங்க வீட்டுக்குப் போங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை எல்லோரும் திரை முன் கூடினார்கள்.

அவன் தொடையை அழுத்தியபடி மணலில் வந்தான். அதே மெதுநடை. நல்லசிவம் கைகளைக் கட்டிக்கொண்டார். படகு கரையை விட்டது. ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மணலில் வந்தவன் ஒரு கையை உயர்த்தினான்.

படகில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் கம்பைத் தண்ணீருக்குள் ஊன்றினான். அலையில் படகு அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. கரையில் வருகிறவன் வந்துகொண்டிருந்தான். மணல் முடிந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. படகிலிருந்து ஒரு கை நீண்டது.



"ஓடிப் பிடிக்கிற விறுவிறுப்பு போயிடுச்சே" என்றார் நல்லசிவம். பிறகு அவரே, "ஆனா அவன் திரும்புவானா மாட்டானான்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். இவனே இருக்கட்டும்" என்றார்.

ஷிஃபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ராயப்பன் தானே விளையாடிப் பார்த்தார். படகில் இருந்தவன் திரும்புகிற இடத்தில் நிறுத்தி, அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வல்லியிடம் கேட்டார்.

"நானும் நாள்கணக்கா முட்டி மோதினேன் மேடம். அவன் நடைல நீங்க எதை மாத்துனீங்க?"

"நடைல நான் கையே வைக்கல சார்" என்றார் வல்லி. "படகுல இருந்தவனுக்குத்தான் கழுத்து திரும்பாம இருந்துச்சு. நாமதான் அவனை அப்படிச் செஞ்சு வச்சிருந்தோம்."