ஈயக்குண்டின் கொழுப்பு

தொபுக்!

கண் திறக்கும் முன்பே அந்தக் கப்பல் எலி கேட்ட முதல் சத்தம் அதுதான். மாலுமி கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கடலில் எறிந்து ஆழம் பார்க்கும் சத்தம்.

குண்டின் அடியில் ஒரு குழி. குழியில் கொழுப்பு. கடலடி மண் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். சேறு வந்தால் துறைமுக வழி. கிளிஞ்சல் பொடி வந்தால் மணல்திட்டு! மூடுபனியில் பாய்க்கப்பலுக்கு அதுதான் கண்.

எலிக்கோ அது பலகாரம். பினாங்கிலிருந்து கிளம்பியதும் குழியை நக்கியது. பிறகு கொழுப்புச் சட்டியையே காலி செய்தது. நடுக்கடலில் குண்டுக்கு வேலையில்லை, யாரும் பார்க்கவில்லை. கடைசி உருண்டையை மட்டும் பொந்தில் ஒளித்து வைத்தது.

நாகப்பட்டினம் நெருங்கும்போது மூடுபனி இறங்கியது.

"குண்டைப் போடு, வேதமுத்து!" என்று கத்தினார் கப்பலை நடத்தும் தண்டல்.

"கொழுப்பே இல்லை ஐயா! ஆழம் தெரிகிறது. கீழே சேறா, திட்டா என்று எப்படிச் சொல்ல?"

கப்பல் பூனை பொந்தருகே வந்து மோப்பம் பிடித்தது.

"வயிறு நிறைந்ததா, மகராசி?"

"மீன்தலை தின்கிறவளுக்குக் கொழுப்பின் அருமை தெரியுமா!"

"தெரியாதுதான். திட்டில் மோதினால் உன் குஞ்சுகள் நீந்துமா?"

எலி திரும்பிப் பார்த்தது. ஒரு குஞ்சுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

"அக்கா, ஓர் உருண்டை இருக்கிறது. வெளியே வந்தால் நீ பிடித்துவிடுவாயே!"

"நாளைக்குப் பிடிக்கிறேன். இன்றைக்கு ஓடு!"

எலி உருண்டையைக் கவ்விக்கொண்டு, பூனையின் மூக்கடியிலேயே ஓடி, வேதமுத்துவின் காலடியில் போட்டது. அவன் அதைக் குழியில் அப்பினான்.

தொபுக்!

குண்டு மேலே வந்தது. அடி முழுக்கக் கிளிஞ்சல் பொடி!

"திட்டு! சுக்கானைத் திருப்பு!" என்று அலறினார் தண்டல்.

கப்பல் சாய்ந்தது. மரமெல்லாம் முனகியது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. அடுத்த முறை குண்டில் கரிய சேறு வந்தது. சேற்றைப் பார்த்து அத்தனை பேர் சிரித்ததை அந்தக் கப்பல் கண்டதில்லை. பூனையும் எலியும்கூட ஒன்றாகப் பெருமூச்சு விட்டன.

தம்மைச் சுமக்கும் கப்பலின் கண்ணை ருசிக்காகத் தின்பவர், தம் பிள்ளைகளையே கடலில் தள்ளுகிறார்.

நாகப்பட்டினத்தில் எலி ஒவ்வொரு குஞ்சாகக் கவ்விக் கரையிறங்கியது. ஒரு நெல் கிடங்கில் கிழடாகிச் செத்தது.