காலையில் வராதவள்

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் தவமணி அம்மா. சீடர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தணிகாசலம் அப்படி ஒருவர். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். ஆசிரமத்தின் ஒழுங்கு அவர் பொறுப்பில் இருந்தது.

விடிவதற்கு முன் எழ வேண்டும். குளித்து, துவைத்த துணி உடுத்திக் கூடத்துக்கு வர வேண்டும். முதலில் பாட்டு, பிறகு மௌனம். இவ்வளவுதான் ஒழுங்கு.

உலகம்மை என்ற பெண் வருவதை நிறுத்திவிட்டாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. விடியல் பாட்டை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அவள் குரல் எழுந்தால் கூடத்தில் இருமல் கூடக் கேட்காது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் வரவில்லை. பிறகு வாரத்தில் பாதி நாள் வரவில்லை. பிறகு வருவதே இல்லை.

கேட்டால், "மேலுக்குச் சரியில்லை" என்பாள். மத்தியானம் பார்த்தால் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய்ச் செடிகளுக்கு ஊற்றுவாள்.

தணிகாசலம் ஒரு நாள் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"என்னம்மா, காலையில மட்டும் வர்ற நோயா உனக்கு?"

அவள் இலையைப் பார்த்தபடி, "ஆமாய்யா" என்றாள்.

பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். தணிகாசலத்தின் காதில் அவள் பதில் திமிராக விழுந்தது. அன்றே தவமணி அம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"சாயங்காலம் குடம் தூக்குற கை, விடியக்காலம் கும்பிடாதா?"

அம்மா யோசித்தார்.

"தெரியலையே" என்றார்.

"அவளை ஊருக்கு அனுப்பிரலாம்னு நினைக்கேன். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கெட்டுப்போவாங்க."

"விடியக்காலத்துல அவளை யாராவது பார்த்தீங்களா?"

"கதவைச் சாத்திட்டுத் தூங்குறவளை எப்படிம்மா பார்க்க?"

"நான் பார்த்துட்டு வர்றேன்."

மறுநாள் விடியலில் கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா வரவில்லை. அவர் உலகம்மையின் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா வாரேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை. பாய் உரசும் சத்தம் கேட்டது. சுவரில் கை ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கதவு திறந்தபோது அம்மா கண்டது, உலகம்மை முழங்கையால் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டிருந்ததை.

அவளுடைய விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றிருந்தன. கணுக்கள் வீங்கிப் பளபளத்தன. மணிக்கட்டைத் தொட்டார். கொதித்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒன்றரை வருசம் ஆச்சும்மா."

"ஏன் சொல்லலை?"

"வெயில் ஏறினா கொஞ்சங் கொஞ்சமா இளகிருது. மத்தியானம் நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருக்கையில போய்ச் சொன்னா யாரு நம்புவா?"

அம்மா பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கைகள் இளகும்வரை அங்கேயே இருந்தார். அதற்குள் கூடத்தில் பிரார்த்தனை முடிந்து, காலைக் கஞ்சியும் முடிந்து, பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அந்த வாரமே உலகம்மையை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். அங்கே மூட்டு வியாதிகளைப் பார்க்கும் ஜெசிந்தா என்ற டாக்டர், ரத்தமும் எக்ஸ்ரே படமும் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது முடக்குவாதம்" என்றார்.

"எண்ணெய் தேய்ச்சேன் டாக்டர். மருந்துக்கடையில ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டா வலி நின்னுச்சு. விட்டா ரெண்டு மடங்கா வந்துச்சு."

"வலியை நிறுத்துறது வேற, நோயை அடக்குறது வேற. இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடணும். வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகும். நல்லாயிட்டுதுன்னு நீங்களா நிறுத்திராதீங்க. அரிச்சுப்போன மூட்டு திரும்ப வளராது."

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் அம்மா தணிகாசலத்தைக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "மருந்துதான் வந்துட்டதே. சரியாயிரும்" என்றார்.

மாத்திரை போட்ட மறுநாள் முழுக்க உலகம்மைக்குக் குமட்டும். சோற்று வாசனை ஆகாது. வேப்ப மரத்தடியில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஆனாலும் விடாமல் போட்டாள். குறித்த நாளில் பஸ் ஏறிப்போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். வீக்கம் வற்றியது. முகத்தில் ரத்தம் ஊறியது.

தணிகாசலம் ஒவ்வொரு விடியலிலும் கூடத்தின் வாசலைப் பார்த்தார். அவள் வரவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மா தணிகாசலத்திடம், "நீங்களும் வாங்க ஐயா" என்றார்.

டாக்டர் ஜெசிந்தா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. ரத்தத்துல நோயோட அளவு முதல்ல வந்தப்போ இருந்ததுல கால்வாசி கூட இல்லை. எப்படிம்மா இருக்கே?"

"நல்லாயிருக்கேன் டாக்டர்" என்றாள் உலகம்மை.

கதவோரம் நின்ற தணிகாசலம், "அப்போ குணமாயிட்டான்னு சொல்லலாமா?" என்று கேட்டார்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் தவமணி அம்மா பேசினார்.

"டாக்டர், எப்படி இருக்கேன்னு யார் கேட்டாலும் அவ நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவா. எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னா. வேற ஏதாவது கேளுங்க."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். சீட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை உலகம்மைக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உலகம்மை, இந்த நோயே உனக்கு இல்லைன்னு வச்சுக்கோ. நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்ன செய்வே?"

அவள் தணிகாசலத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவேன்."

அடுத்த கேள்விக்குக் காத்திராமல் அவளே பேசினாள். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அடைத்து வைத்திருந்த பேச்சு, தலை நிமிராமலே வந்தது.

"வலி முந்தி மாதிரி இல்லை டாக்டர். ஆனா விடியக்காலம் விரல் பிடிக்க மாட்டேங்குது. கொக்கி சின்னதுல்லா, நழுவி நழுவிப் போகுது. குளிச்சிட்டா ரவிக்கை மாத்தணும். மாத்தாம கூடத்துக்குப் போக முடியாது. பக்கத்து அறையில பகவதி இருக்கா, மாட்டிவிடுன்னு கேக்கலாம். ஒரு நாள் கேக்கலாம். தினமும் எப்படிக் கேக்க? சில நாள் போட்ட ரவிக்கையோட படுத்து, அப்படியே எந்திரிச்சு, மத்தியானம் வரைக்கும் யார் கிட்டயும் போகாம இருந்துருவேன். நாத்தம் அடிக்குமோன்னு."

தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே தடுப்பூசி விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. அதையே படித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் அழுத்தியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரத்தத்துல அடங்கியிருக்கு. இங்கே இன்னும் அடங்கலை" என்றார் டாக்டர். "இதை நான் முதல்லயே தொட்டுப் பார்த்திருக்கணும்."

இன்னொரு மருந்து சேர்த்து எழுதினார். குமட்டல் குறைய வழி சொன்னார். கைக்குப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு அனுப்பிவைத்தார். அங்கே, வெந்நீரில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போதைக்குக் கொக்கியை எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

ஆசிரமத்துக்குத் திரும்பிய தணிகாசலம் மறுநாள் பந்தியில் எழுந்து நின்றார்.

"கூடத்துக்குக் குளிச்சிட்டுத்தான் வரணும்னு இனிமே இல்லை. முடிஞ்சவங்க முடிஞ்ச மாதிரி வரலாம்" என்றார். பிறகு உலகம்மையின் பக்கம் திரும்பி, "அன்னைக்கு இதே பந்தியிலதான் கேட்டேன். அதனாலதான் இங்கேயே சொல்றேன். கேட்டது தப்பும்மா" என்றார்.

உலகம்மையின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் அடுத்த நாளும் அவள் வரவில்லை.

"குளிக்காம வர எனக்கு மனசு ஒப்பலை ஐயா. ஒட்டுப்பட்டையும் விடியக்காலம் இன்னும் கைக்குப் பிடிபடலை" என்றாள். "தப்பா நினைச்சுக்கிடாதீங்க."

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தது. மலையில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. அப்படி ஒரு விடியலில் பாட்டு தொடங்கியபின் யாரோ வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள் உலகம்மை. பாடவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் எழுந்து போனாள்.

அடுத்த நாள் வந்தாள். அதற்கடுத்த நாள் வரவில்லை. குளிர் அதிகமான நாட்களில் வரவே இல்லை. யாரும் கேட்கவில்லை.

தணிகாசலத்தின் மனத்தில் மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் கலைந்தபின் தவமணி அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, அவ மேல எனக்கு இப்ப வருத்தம் எதுவும் இல்லை. ஆனா ஒண்ணு விளங்கலை."

"சொல்லுங்க ஐயா."

"டாக்டர் கேட்டாங்க, நோய் இல்லைன்னா என்ன செய்வேன்னு. அவ என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம். பாடுவேன்னு சொல்லலை. தியானத்துக்குப் போவேன்னு சொல்லலை. கொக்கியைச் சொன்னா. உடம்பை மறக்கத்தானேம்மா நாமெல்லாம் இங்கே வந்தோம்?"

அம்மா அவரைப் பார்த்தார். வெளுத்த அரைக்கைச் சட்டை, சீராகப் பொத்தான் போட்டிருந்தது.

"இன்னைக்குக் காலையில இந்தச் சட்டையை நீங்கதானே போட்டீங்க?"

"ஆமாம்மா."

"எந்தப் பொத்தானை முதல்ல போட்டீங்க?"

தணிகாசலம் யோசித்தார். குனிந்து சட்டையைப் பார்த்தார். கை தானாகக் கழுத்துக்குப் போய், பிறகு கீழே இறங்கியது.

"ஞாபகம் இல்லையேம்மா."

"அந்த மறதியைத்தான் ஐயா அவ கேட்டா."